பெர்லினிலிருந்து கேட்ட தம்பிக்கு, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

தம்பி,

உன் கேள்வி வந்தபோது நான் ஜெர்மனியில் இல்லை. ஆடி நோன்பிக்கு லீவு போட்டுச் சேலம் வந்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எதிரே ஏற்காட்டு மலைப்பாதை விளக்குகள் தெரிகின்றன, பின்னால் கோயில் மைக் செட் அலறுகிறது. நடுவில் எங்காவது கோர்வை விட்டுப்போனால் மைக் செட்டைத் திட்டிக்கொள்.

நீ எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பார். பெர்லினில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கம்பெனி கொடுத்த லேப்டாப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் கேமராவை அணைக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரர் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. குழுவிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டிருந்தது. கேட்டதற்கு "அந்தப் பேச்சு வேண்டாம்" என்றார்கள். என்ன வேலை செய்கிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "வெளிநாட்டில் எல்லாக் கம்பெனியும் இப்படித்தானா அக்கா? மவுஸைத் தானாக ஆட்டும் கருவி ஒன்று வாங்கட்டுமா? வேலையை விட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?"

உன் அம்மா முந்தாநாள் அம்மாபேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு மணி நேரம் இங்கே உட்கார்ந்திருந்தார்கள். "என்ன வேலைன்னு கேட்டா சொல்லக் கூடாதுங்கிறான். இந்த மியான்மர்ல பசங்களைப் பிடிச்சு வெச்சிருந்தாங்களே, அந்த மாதிரி ஏதாச்சும் இருக்குமா கண்ணு?" என்று கேட்டார்கள். சிரித்துச் சமாளித்தேன். ஆனாலும் உன்னிடம் முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன்: உன் பாஸ்போர்ட் உன் கையில்தானே இருக்கிறது? பத்திரமாக வைக்கிறோம் என்று யாராவது வாங்கி வைத்திருந்தால் இன்றே திருப்பி வாங்கு. அது இந்திய அரசின் சொத்து, கம்பெனி பீரோவில் வைப்பதற்கில்லை. கையில்தான் இருக்கிறது என்றால் மேலே படி.

எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை. ஆனால் இப்படி ஒன்றில் நானே இருந்திருக்கிறேன். 2012இல் ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து சேர்ந்தேன். முப்பது பேர் வேலை செய்த இடம், பெயர் வேண்டாம். மூன்றாவது மாதம் மேலாளர் கூப்பிட்டு ஒரு அச்சடித்த தாளை நீட்டினார். செவ்வாய்க்கிழமை 11.40 முதல் 12.05 வரை என் விசைப்பலகையில் ஒரு தட்டுகூட இல்லையாம். அந்த இருபத்தைந்து நிமிடமும் ஒரு வரைபடத்தைக் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். அவர் நம்பினாரா என்பது இன்றுவரை தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்கப்புறம் நான் யோசிக்கும்போதும் ஒரு கை விசைப்பலகையிலேயே இருந்தது. ஒரு எழுத்தைத் தட்டுவேன், அழிப்பேன், தட்டுவேன், அழிப்பேன். கழிப்பறைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்ப்பேன். சாப்பாட்டு நேரத்தில் அம்மா கூப்பிட்டால் குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசுவேன், தமிழ் அங்கே யாருக்குப் புரியப்போகிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நீயும் இப்போது அப்படித்தான் இருப்பாய். கேள்வியைக்கூட கம்பெனி லேப்டாப்பில் எழுதாமல் போனில் எழுதினேன் என்று சொன்னாய் பார், அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல காரியம் செய்தாய். அதை மாற்றாதே.

என் அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர், உனக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தெருவில் பாதிப் பேர் வெள்ளி வேலைதானே. முதலாளி காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். சாயங்காலம் கொலுசையும் மிச்சத் துண்டையும் சேர்த்து எடை போட்டு வாங்குவார். சேதாரம் எவ்வளவு என்று முன்கூட்டியே பேச்சு உண்டு. கிளம்பும்போது வேட்டியை உதறிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட வீசமாட்டார்கள், அதிலும் வெள்ளி இருக்கும். இதைவிடக் கண்காணிப்பு வேறென்ன இருக்கிறது? ஆனால் அப்பா அதை அவமானம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தராசு நடுவில் இருந்தது. முள் எங்கே நிற்கிறது என்று முதலாளிக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஒருமுறை இரண்டு கிராம் தகராறு வந்தபோது பக்கத்துப் பட்டறைத் தராசில் போட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஜெர்மனியில் நடந்ததில் தராசு எங்கே இருக்கிறது, என்ன எடை போடுகிறார்கள், யார் முள்ளைப் பார்க்கிறார்கள், ஒன்றுமே தெரியாது. தாள் மட்டும் வந்தது.

ஜெர்மன் சட்டமும் கிட்டத்தட்ட அப்பாவின் கணக்கைத்தான் பேசுகிறது. ஊழியரைக் கண்காணிக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. காரணம் வேண்டும், அளவு வேண்டும், ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. எர்ஃபுர்ட்டில் உள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2017 ஜூலை 27 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. உன்னைப் போல இணையதள வேலை பார்த்த ஒருவருடைய கணினியில், கம்பெனி ஒவ்வொரு விசைத் தட்டையும் பதிவு செய்து, திரையையும் படம் எடுத்தது. அவர் வேலை நேரத்தில் சொந்த வேலை பார்த்ததும் உண்மை. கொஞ்சம் பார்த்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படியும், அவர்மீது குறிப்பான, கடுமையான சந்தேகம் எதுவும் முன்பே இல்லாமல் இப்படி உளவு பார்த்தது தவறு, அதில் கிடைத்த ஆதாரம் செல்லாது, வேலைநீக்கமும் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெட்வொர்க்கில் நடப்பதெல்லாம் பதிவாகும் என்று அந்தக் கம்பெனி முன்கூட்டியே அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பும் அதைக் காப்பாற்றவில்லை.

கேமராவுக்கும் வழக்கு உண்டு, பக்கத்து நாட்டில். அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்காக நெதர்லாந்தில் வீட்டிலிருந்து வேலை செய்தவர், நாள் முழுக்க வெப்கேமராவைப் போட்டு வைக்க மறுத்ததற்காக நீக்கப்பட்டார். 2022இல் டச்சு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, நல்ல தொகையும் கொடுக்கச் சொன்னது. அப்புறம் எச் அண்ட் எம் என்ற துணிக்கடை கம்பெனியின் கதை. அதன் நியூரம்பெர்க் சேவை மையத்தில், லீவு முடிந்து வருகிற ஊழியர்களிடம் மேலாளர்கள் அன்பாக விசாரிப்பார்களாம். உடம்புக்கு என்ன, வீட்டில் என்ன பிரச்சினை என்று. கேட்டதை எல்லாம் கோப்பில் எழுதி வைத்தார்கள். 2019இல் ஒரு தொழில்நுட்பத் தவறால் அந்தக் கோப்பு கம்பெனி முழுவதற்கும் சில மணி நேரம் திறந்து கிடந்தது. அப்படித்தான் வெளியே வந்தது. 2020 அக்டோபரில் 3.53 கோடி யூரோ அபராதம். அன்பாக விசாரிக்கிற மேலாளரிடம் அளவாகப் பேசு என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

மவுஸ் ஆட்டும் கருவி வேண்டவே வேண்டாம். இப்போது தவறு அவர்கள் பக்கம் இருக்கிறது. அதை வாங்கினால் உன் பக்கம் வந்துவிடும். 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வேலை செய்வதுபோல் விசைப்பலகையைப் போலியாக இயக்கியதற்காக ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களை நீக்கியது. அந்தக் கருவியையும் கண்காணிப்பு மென்பொருள் பிடித்துவிடலாம் தம்பி.

இன்னொன்று, இதை நம் ஊர்ப் பிள்ளைகள் தெரியாமல் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். மேலாளர் பேசுவதைப் போனில் ரகசியமாகப் பதிவு செய்யாதே. நம் ஊரில் கால் ரெக்கார்ட் போடாத ஆள் இல்லை. ஜெர்மனியில் தனிப்பட்ட பேச்சை ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்வது குற்றம், சிறைத் தண்டனைவரை போகும். கம்பெனிக் கோப்புகளை உன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் ஆபத்து. ஆதாரம் வேண்டுமா? ஒரு நோட்டு வாங்கு. தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள், உடன் யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே கையால் எழுதி வை. நான் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்துக்கு வருகிறேன். கம்பெனியின் வியாபார ரகசியத்தைக் காக்க வேண்டியது உன் கடமைதான், அதை மதி. ஆனால் "அம்மா, நான் இந்தக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன், காலை ஒன்பதுக்குப் போகிறேன்" என்பது எந்த ஊரிலும் வியாபார ரகசியம் ஆகாது. சம்பளத்தைச் சக ஊழியரிடம் சொல்லக் கூடாது என்ற ஷரத்துகூடச் செல்லாது என்று 2009இலேயே அங்கே ஒரு மாநிலத் தொழிலாளர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஷரத்து எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நீ பயந்துபோய் வாயைத் திறக்காமல் இருந்தால் அவர்களுக்குப் போதும்.

சரி, என்ன செய்வது? சட்டம் உன் பக்கம் என்பதற்காக நாளைக்கே கொடி பிடிக்காதே. நீ சோதனைக் காலத்தில் இருக்கிறாய். இரண்டு வார நோட்டீஸில், காரணம் சொல்லாமலே அனுப்ப முடியும். பத்துப் பேருக்கு மேல் உள்ள இடத்தில் ஆறு மாதம் கழிந்தால்தான் வேலைநீக்கப் பாதுகாப்புச் சட்டம் உனக்குப் பொருந்தும். உங்கள் கம்பெனியில் ஊழியர் குழு இல்லை என்று எழுதியிருந்தாய். பெட்ரீப்ஸ்ராட் என்பார்களே, அதுதான். ஐந்து நிரந்தர ஊழியர்கள் இருந்தாலே தேர்ந்தெடுக்கலாம், அது இருந்தால் அதன் சம்மதம் இல்லாமல் இந்த மாதிரி மென்பொருளைக் கொண்டுவரவே முடியாது. என் இரண்டாவது கம்பெனியில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கினார்கள். யார் எத்தனை வேகத்தில் வேலையை முடித்தார்கள் என்று பெயரோடு காட்டும். குழு ஐந்து மாதம் பேச்சுவார்த்தை நடத்தியது. இவர்கள் பேசி முடிப்பதற்குள் மென்பொருளே பழசாகிவிடும் என்று நான் அலுத்துக்கொண்டேன். கடைசியில் பெயர் வரும் பகுதியை அணைத்துவிட்டுத்தான் வந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நான்கு மாதப் புது ஆள் நீ போய்க் குழுத் தேர்தலுக்கு முன்னால் நிற்பது என் பார்வையில் சரியில்லை. பழையவர்கள் ஆரம்பித்தால் ஓட்டுப் போடு.

உன் தகவலைக் கேட்டு வாங்கும் உரிமையும் இருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் 15ஆம் பிரிவின்படி, என்னைப் பற்றி என்னென்ன சேகரித்து வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் பெர்லினின் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் காசில்லாமல் புகார் கொடுக்கலாம். பக்கத்துப் பட்டறைத் தராசு என்று வைத்துக்கொள். நான் சொல்வேன், அந்தக் கடிதத்தை வேறு வேலை கையில் வந்த பிறகு அனுப்பு. அதுவரை எழுதி மேசைக்குள் வை.

ஆக, இன்றே வேறு வேலை தேட ஆரம்பி, சொந்தக் கணினியில், சொந்த நேரத்தில். புது ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ராஜினாமா செய்யாதே. வேலையில்லாக் காலப் பணம் வாங்க, முப்பது மாதத்தில் பன்னிரண்டு மாதம் காப்பீடு கட்டியிருக்க வேண்டும், உனக்கு நான்கு மாதம்தான் ஆகிறது. நீ நீல அட்டைக்காரன், அதாவது படித்த வெளிநாட்டு வேலைக்காரர்களுக்கு ஐரோப்பா தரும் அனுமதியில் இருப்பவன் என்பதால், முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் கம்பெனி மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் அந்த மாற்றத்தை முப்பது நாள்வரை நிறுத்திவைத்துப் பார்க்கலாம். வேலை போய்விட்டால் இரண்டு வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். போன மறுநாளே விமானம் ஏற்றமாட்டார்கள். ஐரோப்பிய நீல அட்டை விதியே, முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று மாதம்வரை வேலையில்லாமல் இருப்பதை மட்டும் காரணமாக்கி அட்டையைப் பறிக்கக் கூடாது என்கிறது. ஒருவேளை அவர்களே உன்னைக் கூப்பிட்டு, இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று ஒரு தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதே. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று மட்டும் சொல். வாய்ச்சொல்லாகவோ மின்னஞ்சலிலோ நீக்கினால் செல்லாது, காகிதத்தில் மையால் கையெழுத்து வேண்டும். அது வந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே முதல் கட்டத்தில் ஜெயித்தாலும் உன் வக்கீல் செலவு உன்னுடையதுதான். அதனால் தொழிற்சங்கத்தில் சேர்வதோ சட்டக் காப்பீடு எடுப்பதோ இப்போதே நடக்கட்டும். காப்பீட்டுக்குப் பெரும்பாலும் மூன்று மாதக் காத்திருப்பு உண்டு.

அம்மாவிடம் நாளைக்கே பேசு. என்ன வேலை என்று சொல். அவர்கள் உனக்காக ஐந்து கிலோ கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தட்டுவடை, பருப்புப் பொடி, மாவடு, இன்னும் ஏதோ துணியில் முடிச்சாக இருக்கிறது, நான் பிரிக்கவில்லை. என் பெட்டியில் மூன்று கிலோவுக்குத்தான் இடம். எதை விட்டுவிட்டு வரட்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல், ஞாயிறு கிளம்புகிறேன்.

அக்கா