பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவானா?

இரண்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனுக்கு எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் சேர்த்து வாசிக்க வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் தானாக முயலும் பழக்கமே போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போய்த் திரும்பி, சமையலை முடித்துவிட்டு, தூக்கம் கண்ணைச் சுழற்றும் பிள்ளையிடம் புத்தகத்தை விரிப்பவராக நீங்கள் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை முயல்வதற்கு முன்பே வந்துவிடும் உதவியும், தேவை தீர்ந்த பிறகும் விலகாத உதவியும் கெடுதல் செய்யும் என்பது உண்மை. இவ்விரண்டையும் தவிர்த்துவிட்டால், பெரியவர்களின் துணையால் கெட்டுப்போன குழந்தையை நான் பார்த்ததில்லை.

தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியைக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளை வாசிக்க வைப்பதே எங்கள் அன்றாட வேலை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு எந்த உதவி எந்த நேரத்தில் பலிக்கிறது என்பதை நாங்கள் மிக அருகிலிருந்து பார்க்கிறோம்.

அப்படி ஒரு சிறுமி மூன்றாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். 2022ஆம் ஆண்டு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் வாசிக்கும் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறோம். அவள் அரும்பில் இருந்தாள். 'கொடி' என்ற சொல்லைக் காட்டினால் 'கெ, ர, டி' என்பாள். 'கோழி' அவளுக்குக் 'கேரழி'. பார்ப்பவர்களுக்கு இது கவனக்குறைவாகத் தெரியும். உண்மையில் அவள் மிகக் கவனமாகப் பார்த்திருக்கிறாள். எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பைச் சரியாகக் கண்டுகொண்டாள். பின்னால் நிற்கும் காலை, உருவ ஒற்றுமையால், தனியான 'ர' என்று எடுத்துக்கொண்டாள். கொம்பும் காலும் சேர்ந்து நடுவில் இருக்கும் ஒரே எழுத்துக்கு உரியவை என்பதை மட்டும் யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

நான் 'கொடி' என்று வாசித்துக் காட்டியிருந்தால் அவளும் உடனே 'கொடி' என்று திருப்பிச் சொல்லியிருப்பாள், அடுத்த வரியில் 'பொரி' வந்ததும் மறுபடி தடுமாறியிருப்பாள். ஆகவே சொல்லைச் சொல்லாமல், கொம்பு, 'க', கால் ஆகிய மூன்றையும் சுற்றிக் கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இதுக்குள்ள எத்தனை எழுத்து கண்ணு?" என்று கேட்டேன். இரண்டு என்றாள். ஒன்றுதான் என்று சொல்லி, 'கெ' என்பதையும் 'கொ' என்பதையும் அடுத்தடுத்து எழுதி, இரண்டையும் ஒலித்துக் காட்டினேன். சிறிது நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் 'கொ' என்றாள். அடுத்து 'தொ', 'பொ' வந்தபோது வட்டத்தை அவளையே போடச் சொன்னேன். பிறகு வட்டத்தை நிறுத்திவிட்டு, தடுமாறும் இடத்தில் விரலை மட்டும் வைத்தேன். அதற்குப் பிறகு விரலும் தேவைப்படவில்லை. 'தொலைக்காட்சி' போன்ற நீண்ட சொல் வந்தபோது பழைய தடுமாற்றம் திரும்பியது, நானும் வட்டத்துக்குத் திரும்பினேன். இந்த முன்னும் பின்னுமான நடை இயல்பானது. நேற்று வாசித்ததை இன்று மறந்துவிட்டான் என்று தயவுசெய்து உங்கள் மகனிடம் கோபப்படாதீர்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் முப்பது பேரிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துக் பிரமிடு வடிவில் அடுக்கச் சொல்லி, உடனிருப்பவர் எப்படி உதவுகிறார் என்பதை ஆராய்ந்தார்கள். வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த உதவியை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள்: பொதுவாக ஊக்கப்படுத்துவது, என்ன செய்ய வேண்டுமென்று வாயால் சொல்வது, எந்தக் கட்டை என்று காட்டுவது, அதைப் பொருத்துவதற்குத் தயாராக எடுத்து வைப்பது, கடைசியாகத் தானே செய்து காட்டுவது. குழந்தை தவறினால் ஒரு படி கூட்ட வேண்டும், சரியாகச் செய்தால் ஒரு படி குறைக்க வேண்டும். வுட்டின் வேறோர் ஆய்வில், இந்த விதிப்படி உதவி பெற்ற குழந்தைகளே பிறகு தனியாகவும் நன்றாகச் செய்தார்கள். முழுவதும் செய்து காட்டப்பட்ட குழந்தைகளும் வெறும் வாய்வார்த்தையோடு விடப்பட்ட குழந்தைகளும் அந்த அளவுக்குத் தேறவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பது இதனால் தெரியும். ஐந்தாம் படியிலேயே நின்றுவிடும் தாயைப் பற்றித்தான் அவர்கள் கவலைப்படுகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடியாக இருந்த ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி, 1934இல் தமது 37ஆம் வயதில் காசநோயால் இறந்துபோனவர், ஓர் எடுத்துக்காட்டு சொல்வார். பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் தனியாகத் தேர்வெழுதினால் இருவருமே எட்டு வயதுக்குரிய திறனைக் காட்டுகிறார்கள்; சிறிது துணை கொடுத்துப் பார்த்தால் ஒருவன் பன்னிரண்டு வயதுக்குரிய கணக்கு வரை போகிறான், மற்றவன் ஒன்பதோடு நின்றுவிடுகிறான். அப்படியானால் இருவரும் ஒன்றா என்று கேட்கிறார். நம் தேர்வுகள் பிள்ளை தனியாகச் செய்வதை மட்டுமே அளக்கின்றன. துணையோடு எவ்வளவு தூரம் போவான் என்பதை உடன் உட்காருகிறவர் மட்டுமே அறிவார். உங்களுக்கு அந்த வாய்ப்பு ஒவ்வொரு மாலையும் கிடைக்கிறது.

அந்தச் சிறுமியின் பாட்டியிடம், பேத்தி தினமும் ஒரு பக்கம் வாசிக்க நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள் என்றேன். "நானே கைநாட்டு, டீச்சர். நான் என்னத்தச் சொல்லிக்கொடுக்க?" என்றார். சொல்லிக்கொடுக்க வேண்டாம், கதையைக் கேட்டு "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். லண்டனின் ஹாரிங்கே பகுதியில் நடந்து 1982இல் வெளியான ஆய்வொன்றில், வீட்டில் பெற்றோருக்கு வாசித்துக் காட்டிய பிள்ளைகள், பள்ளியில் கூடுதல் ஆசிரியரிடம் சிறு குழுவாகப் பயின்ற பிள்ளைகளைவிட நன்றாக முன்னேறினார்கள். அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். எங்கள் பாட்டியிடம் நான் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். கதை புரியாவிட்டால் பேத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னார். அந்த மறுவாசிப்பை நான் வகுப்பில் எவ்வளவு வற்புறுத்தியும் பெற்றிருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்பதற்குத்தான் எங்களுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதைக் கைபேசியில் பதிவேற்றச் சொல்கிறார்கள். சிக்னல் கிடைக்காத ஊரில் ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டு நிற்கும்போது, புத்தகத்தோடு மேசையருகே வந்த பிள்ளை காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. கணக்கெடுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளப்பதற்குச் செலவாகும் நேரம் கற்பிக்கும் நேரத்தைத் தின்னக்கூடாது என்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே போதும் என்றும் சொல்ல மாட்டேன். சில மாதங்கள் பொறுமையாக உடன் இருந்தும் எழுத்துகள் கூடவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதில் குறையில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று உரியவரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

உங்கள் மகன் வாசிக்கும்போது திணறினால் உடனே சொல்லைச் சொல்லிவிடாமல் சற்றுப் பொறுங்கள். பிறகு முதல் எழுத்தை மட்டும் ஒலியுங்கள், அதற்கும் வரவில்லை என்றால் சொல்லை இரண்டாகப் பிரித்து மறைத்துக் காட்டுங்கள், முழுச் சொல்லைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியரைப் பார்க்கும்போது மதிப்பெண்ணை விசாரிப்பதற்கு முன்பு, எந்த எழுத்தில் தடுமாறுகிறான், எவ்வளவு எடுத்துக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறான் என்று கேளுங்கள். நீங்கள் வீட்டில் கவனித்ததையும் அவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் வகுப்பில் அவ்வளவு நேரம் அவன் ஒருவனுடன் உட்கார அவருக்கு வாய்த்திருக்காது.