டெங்காய்: ஒரே அடியில் பவர் குறைவது ஏன்?

டெங்காய் விளையாட்டில் உயிர் போகவில்லை, ஆனால் திடீரென்று சுடும் பலம் குறைந்துவிடுகிறது, இது பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுது இல்லை. சைக்கியோ நிறுவனம் 1996-இல் வெளியிட்ட இந்த ஆர்கேட் சுடும் விளையாட்டின் விதியே அது. எதிரியின் குண்டு பட்டால்தான் உயிர் போகும். எதிரியின் உடம்பில் மோதினால் பவர் மட்டும் ஒரு படி இறங்கும். அதனால் இரண்டில் ஒன்றைத் தாங்கியே ஆகவேண்டும் என்றால் தயங்காமல் மோதுங்கள்.

இரண்டாவது சிக்கல், பாஸிடம், அதாவது கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியிடம், குண்டு மழையில் சாவது. குண்டுகளில் பல நீங்கள் நிற்கும் இடத்தைக் குறிபார்த்து வருபவை. திரையின் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் பாய்ந்து ஓடினால் அவை எங்கும் சிதறி, வழியே இருக்காது. ஸ்டிக்கை லேசாகத் தட்டித் தட்டி ஒரே பக்கமாக நகருங்கள், எல்லாம் பின்னால் வரிசையாகப் போய்விடும். ஓரம் நெருங்கும்போது மட்டும் சட்டென்று ஒரு பெரிய தாவல், அப்புறம் மறுபடி மெதுவாக.

அவசரத்துக்கான சிறப்பு ஆயுதமான பாமைச் சேர்த்து வைக்காதீர்கள். செத்தால் வீண்தான்.

ஆரம்பக் கட்டங்களின் வரிசை ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும், எனவே வரிசையை மனப்பாடம் செய்து பயனில்லை. பாத்திரம்? நான் கோயில் பணிப்பெண் ஷோவைத்தான் (ஜப்பானியப் பதிப்பில் கோயோரி) சொல்வேன், சாமுராய் எந்திரம் கட்டானா பார்க்க மிரட்டலாக இருந்தாலும் சரி. பட்டனை அழுத்திப் பிடித்து விடும் தாக்குதலைப் பாஸுக்கு மறக்காமல் பயன்படுத்துங்கள்.