அமீபா நம் செல்லை எப்படிக் கொன்று தின்கிறது?
சீதபேதி தரும் எண்டமீபா ஹிஸ்டோலிடிகா என்ற ஒட்டுண்ணி, குடல் செல்லைக் கொன்றுவிட்டுத் தின்பதில்லை, உயிரோடு இருக்கும்போதே கடிக்கிறது, அந்தக் கடியில்தான் செல் சாகிறது. லெக்டின் என்ற புரதத்தால் செல்லின் மேலுள்ள சர்க்கரைகளைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சவ்வோடு சேர்த்துத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து விழுங்கும். அரிசி மூட்டையை எலி கொறிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிபடும் செல்லுக்குள் கால்சியம் எகிறும், சவ்வு சிதையும், கதை முடிந்தது. செத்த பிறகு பெரும்பாலும் மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டு அடுத்த செல்லுக்குப் போய்விடும், சாப்பாட்டை வீணாக்கும் ஜென்மம்! 2014இல்தான் இது நுண்ணோக்கியில் தெளிவானது. அதுவரை முதலில் கொலை, பிறகு சாப்பாடு என்றே நம்பினார்கள். செய்திகளில் வரும் ‘மூளையைத் தின்னும் அமீபா’ இது இல்லை. அது மூக்கு வழியாக ஏறும் நெக்லேரியா, வேறு இனம்.