காசு வராம பிஎச்டி சேர்க்காதீங்க, பெரியப்பா சொன்னாலும்

போன ஞாயித்துக்கிழமை சங்கரன்கோவில் பக்கம் இருந்து ஒரு குடும்பம் அடுத்து என்ன படிக்க வைக்கலாம்னு என்கிட்ட யோசனை கேட்டு வந்திருந்தாங்க. அம்மா, அப்பா, பொண்ணு, கூடவே பெரியப்பா. பொண்ணு எம்எஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி செமஸ்டர், மார்க் 80க்கு மேல. அப்பா நாலு விசைத்தறி ஓட்டுறாரு, உள்ள வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல. அம்மா தான் ஆரம்பிச்சாங்க, "சார், பக்கத்து யுனிவர்சிட்டில பிஎச்டிக்கு ஒரு மேடம் சேத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க, ஸ்டைபண்ட் மட்டும் இப்போதைக்கு இல்லையாம், சேத்துட்டா பின்னாடி அங்கயே லெக்சரர் ஆயிரலாம்ல சார்?"

நானும் வழக்கம் போல பயப்படாதீங்கம்மா, நல்லா படிக்கிற பொண்ணு தானன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள பெரியப்பா, "எங்க வம்சத்துல பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்க ஒருத்தர் இல்ல சார், பணம் நான் பாத்துக்குறேன், பின்னாடி போஸ்ட்டுக்கு ஏதாவது குடுக்கணும்னாலும் கீழத்தோட்டம் இருக்கு"ன்னாரு. தோட்டத்தை வித்து வேலை வாங்குற பேச்சு வந்ததும் ஆறுதல் சொல்றதை நிறுத்திட்டேன். அவங்ககிட்ட சொன்னதை தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே கேள்வியோட மே, ஜூன்ல நிறைய பேர் வருவீங்க.

முதல்ல ஒரு கணக்கு. ஒரு சின்ன யுனிவர்சிட்டில ஒரு டிபார்ட்மெண்ட்ல நிரந்தர வாத்தியார் அஞ்சு பேருன்னு வைங்க, ஒரு புரொஃபசர், ரெண்டு அசோசியேட், ரெண்டு அசிஸ்டண்ட். யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, அதோட விதிப்படி புரொஃபசர் 8 பேர், அசோசியேட் 6 பேர், அசிஸ்டண்ட் 4 பேர் வரைக்கும் பிஎச்டிக்கு வச்சுக்கலாம். கூட்டுங்க, 28 வருது. இந்த 28 பேரும் பாத்துட்டு இருக்குறது அந்த அஞ்சு நாற்காலியை, அதுல ஒண்ணு காலியாகணும்னா ஒருத்தருக்கு 60 வயசு ஆகணும். ஆயி காலியானாலும் உடனே ஆள் போடுவாங்களா? போட மாட்டாங்க. கெஸ்ட் லெக்சரர், தற்காலிகம், தொகுப்பூதியம்னு ஏதாவது ஒரு பேர்ல ஓட்டுவாங்க.

ஏன் இப்படின்னா காசு இல்ல. சின்ன யுனிவர்சிட்டிக்கு அரசு மானியம் போக வருமானம்னா பரீட்சை ஃபீஸ், இணைப்புக் கல்லூரிங்க கட்டுற பணம், தொலைதூரக் கல்வி, சுயநிதி கோர்ஸ் ஃபீஸ் இவ்ளோ தான். இணைப்புக் கல்லூரி தன்னாட்சி வாங்கிட்டா பரீட்சைக் காசு அந்த காலேஜுக்கே போயிரும். தொலைதூரக் கல்வியை எல்லை தாண்டி நடத்தக்கூடாதுன்னு யுஜிசி கட்டுப்பாடு போட்டதும் அங்கயும் அடி. ஆனா பென்ஷன் வாங்குறவங்க எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறுது. 1857ல ஆரம்பிச்ச சென்னைப் பல்கலைக்கழகத்தோட பேங்க் கணக்கையே 2024 பிப்ரவரில வருமான வரித்துறை முடக்குச்சு, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013ல அரசு எடுத்தப்புறம் ஆள் அதிகம்னு சொல்லி நிரந்தர வேலைல இருந்தவங்களையே ஊர் ஊரா அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்புனாங்க. நிரந்தரத்துக்கே இந்த கதின்னா ஆராய்ச்சி புராஜெக்ட்ல தற்காலிகமா வேலை பாக்குற பையன் பாடு என்னன்னு யோசிங்க, புராஜெக்ட் மூணு வருஷம்னா அவன் வேலையும் மூணு வருஷம், பணம் ரெண்டாவது வருஷமே லேட்டா வந்தா அவன் சம்பளமும் லேட்டு.

அப்போ அரசுக் கல்லூரி கெஸ்ட் லெக்சரர்? மாசம் 25,000, அதுவும் வருஷத்துக்கு 11 மாசம் தான், மே மாசம் பட்டினி. ஒரு வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு யுஜிசி 2019லயே சொல்லிருச்சு, அதைக் கேட்டு கோர்ட்டுக்கு போய்ட்டு இருக்காங்க. டிஆர்பி, அதான் ஆசிரியர் தேர்வு வாரியம்? 2024 மார்ச்ல 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடம்னு அறிவிப்பு வந்துச்சு, ஆகஸ்ட் 4 பரீட்சைன்னாங்க, தள்ளி வச்சாங்க. அந்த அறிவிப்புக்காக இருந்த வேலையை விட்டுட்டு படிச்ச ஒரு பையன் என்கிட்ட வந்தான், பிஎச்டி முடிச்சவன், வயசு 38, கல்யாணம் பேசுற எடத்துல என்ன வேலைன்னு கேட்டா அவங்க அம்மா பேச்சை மாத்திருவாங்களாம்.

இன்னொண்ணு, இது பல வீட்டுக்கு தெரியவே தெரியாது. உதவிப் பேராசிரியர் ஆக நெட் இல்லனா செட்ங்கிற தகுதித் தேர்வு பாஸ் பண்ணிருந்தா போதும், பிஎச்டி கட்டாயம் இல்லன்னு 2023 ஜூலைல யுஜிசி மாத்தியாச்சு. அதனால "பிஎச்டி சேந்தா தான் லெக்சரர்"ங்கிற பேச்சே பழசு.

இதனால பிஎச்டியே வேணாம்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. ஆராய்ச்சி மேல பிள்ளைக்கு வெறி இருந்து, காசு குடுக்க ஒரு ஆளும் இருந்தா தாராளமா சேரட்டும். கெமிஸ்ட்ரிக்கு சிஎஸ்ஐஆர் நெட், வருஷத்துக்கு ரெண்டு தடவை. அதுல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000. அஞ்சு வருஷத்துக்கு கூட்டிப் பாருங்க, வீட்டு வாடகைப்படி சேர்க்காமலே 24 லட்சம். அதே டிபார்ட்மெண்ட்ல அதே லேப்ல பக்கத்து ஸ்டூல்ல இன்னொரு பொண்ணு ஃபெல்லோஷிப் இல்லாம, வருஷா வருஷம் ஃபீஸ் கட்டி, கெமிக்கல் சொந்தக் காசுல வாங்கி, என்எம்ஆர்ங்கிற டெஸ்ட் எடுக்க வெளியூருக்கு சாம்பிள் அனுப்பிட்டு உக்காந்திருக்கும். ரெண்டு பேருக்கும் பட்டம் ஒண்ணு தான். அதனால நான் கறாரா சொல்றேன், ஜேஆர்எஃப் இல்லாம முழுநேர பிஎச்டி சேர்க்காதீங்க. மேடம் நல்லவங்களா இருக்கலாம், ஆனா "இப்போதைக்கு இல்ல"ங்கிற ஸ்டைபண்ட் எப்போன்னு எழுதிக் குடுக்க மாட்டாங்க. கீழத்தோட்டத்தை விக்குற பேச்சு வேணவே வேணாம், லஞ்சம் குடுத்து வாங்குற போஸ்ட்டுக்கு ரசீது கிடையாது, ஏமாந்தா எந்த ஸ்டேஷன்லயும் போய் சொல்லவும் முடியாது. பெரியப்பா முகம் சுருங்கிருச்சு, பரவால்ல.

அப்புறம் பெரியவங்களை டீ குடிக்க அனுப்பிட்டு பொண்ணுகிட்ட மட்டும் பேசுனேன். லேப் புடிக்குமாம்மான்னு கேட்டா, ரெண்டு நிமிஷம் தயங்கிட்டு, "இல்ல சார், சால்வண்ட் வாசனைக்கே தலைவலி வரும்"னுச்சு. அப்போ என்ன தான் புடிக்கும்? புராஜெக்ட்டுக்கு பேப்பர் படிக்கிறப்ப ஒரே காம்பவுண்டுக்கு ரெண்டு பேப்பர்ல மெல்டிங் பாயிண்ட் வேற வேறயா இருந்துச்சாம், யாரு சரின்னு கண்டுபிடிக்க மூணு நாள் உக்காந்து பழைய பேப்பரா தோண்டிருக்கு, கடைசில ரெண்டும் சரி தான், கிரிஸ்டல் வடிவம் வேறன்னு புரிஞ்சுதாம். இதை சொல்றப்ப தான் அந்த பிள்ளை முகத்துல முதல் தடவையா வெளிச்சம். கிளாஸ்ல பாதி பேரோட புராஜெக்ட் ரிப்போர்ட்டை திருத்திக் குடுத்ததும் இது தானாம்.

பேங்க், பிஎட், டிஎன்பிஎஸ்சி, ஐடி எல்லாம் உங்க சொந்தக்காரங்களே சொல்லிருப்பாங்க, நான் சொல்ல வேண்டியதில்ல. நான் இந்த பொண்ணுக்கு சொன்னது பேட்டண்ட் வேலை, அதாவது புதுக் கண்டுபிடிப்பை மத்தவங்க காப்பியடிக்காம இருக்க அரசு குடுக்குற உரிமை, அதை வாங்கித் தர்ற வேலை.

பேட்டண்ட்னா வக்கீல் வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, இல்ல. பேட்டண்ட் ஏஜெண்ட் ஆக சட்டப் படிப்பு வேண்டாம். 1970 பேட்டண்ட் சட்டப்படி இந்தியக் குடிமகனா இருக்கணும், 21 வயசு ஆகிருக்கணும், அறிவியல் இல்லனா இன்ஜினியரிங் டிகிரி இருக்கணும், பேட்டண்ட் ஆபீஸ் நடத்துற பரீட்சையை பாஸ் பண்ணணும், அவ்ளோ தான். வெறும் பிஎல் முடிச்ச வக்கீல் இந்த பரீட்சை எழுதவே முடியாது, அறிவியல் டிகிரி கேப்பாங்க. உங்க பொண்ணு எழுதலாம்.

வேலை என்னன்னு கேளுங்க. ஒருத்தர் புதுசா தேங்காய் துருவி ஒண்ணு செஞ்சிருக்காரு. அது உண்மையிலயே புதுசா, உலகத்துல எங்கயாவது யாராவது இதை ஏற்கனவே எழுதி வச்சிருக்காங்களா, செஞ்சு வெளில விட்டுருக்காங்களான்னு தேடணும், இது முதல் வேலை. அப்புறம் அதை எழுதணும். கடைசில வர்ற கிளைம், அதாவது எது எதுக்கு உரிமை கேக்குறோம்னு சொல்ற பகுதி தான் உயிர். ரொம்ப குறுக்கி "ஆறு பல்லு உள்ள ஸ்டீல் துருவி"ன்னு எழுதுனா பக்கத்துக் கடைக்காரன் ஏழு பல்லு வச்சு வித்துருவான். ரொம்ப விரிச்சு "தேங்காய் துருவுற எந்த சாதனமும்"னு எழுதுனா உங்க பாட்டி வீட்டு அருவாமணை வந்து குறுக்க நிக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல வார்த்தையை செதுக்கணும். அப்புறம் பேட்டண்ட் ஆபீஸ் எக்ஸாமினர் இது பழசு, இது தெளிவா இல்லன்னு ஒரு ரிப்போர்ட் அனுப்புவாரு, ஆறு மாசத்துக்குள்ள பதில் எழுதணும், தேதியை கோட்டை விட்டா விண்ணப்பமே கைவிட்டதா ஆயிரும். மூணு நாள் உக்காந்து மெல்டிங் பாயிண்ட் தோண்டுற புத்திக்கு இதை விட பொருத்தமா என்ன வேலை இருக்கு சொல்லுங்க?

அந்த கிரிஸ்டல் வடிவம்னு சொன்னுச்சுல்ல, அதை வச்சே இந்தியாவோட பெரிய பேட்டண்ட் வழக்கு நடந்திருக்கு. இமாட்டினிப்னு ரத்தப் புற்றுநோய் மருந்து, அதோட பீட்டா கிரிஸ்டல் வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் பேட்டண்ட் கேட்டுச்சு. 2006ல அதை முடியாதுன்னு சொன்னது சென்னை பேட்டண்ட் ஆபீஸ். தெரிஞ்ச மருந்தோட புது வடிவத்துக்கு, நோயைக் குணமாக்குற தன்மை கூடலன்னா பேட்டண்ட் கிடையாதுன்னு நம்ம சட்டத்துல 3டின்னு ஒரு பிரிவு இருக்கு, அதை வச்சு சுப்ரீம் கோர்ட் 2013 ஏப்ரல் 1ல சென்னை ஆபீஸ் முடிவு சரின்னு சொல்லிருச்சு. இதை சொன்னதும் பொண்ணு போனை எடுத்து தேட ஆரம்பிச்சிருச்சு, நான் பேசுறதை கேக்கவே இல்ல.

நாட்டுல பேட்டண்ட் ஆபீஸ் நாலு தான், கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை. சென்னைது கிண்டில. நம்ம கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு குடுத்த பதிவகமும் அங்க தான். 2023-24ல மட்டும் 92,000க்கு மேல விண்ணப்பம் வந்திருக்கு. (அதுல கொஞ்சம் நாக்ங்கிற காலேஜ் தரச்சான்று மார்க்குக்காக காலேஜுங்க போடுற பேட்டண்ட், 2021ல கல்வி நிறுவனங்களுக்கு ஃபீஸை 80 சதவீதம் குறைச்சதும் எல்லா காலேஜும் விஞ்ஞானி ஆயிருச்சு, அது தனிக் கதை.) எதுவா இருந்தாலும் எழுத ஆள் வேணும். மருந்துக் கம்பெனிங்க, பேட்டண்ட் எழுதித் தர்ற நிறுவனங்க, சட்ட நிறுவனங்கள்ல இருக்குற பேட்டண்ட் பிரிவு, இங்கயெல்லாம் பரீட்சை பாஸ் பண்றதுக்கு முன்னாடியே தேடித் தர்ற வேலைக்கு எம்எஸ்சி கெமிஸ்ட்ரி ஆளுங்களை எடுக்குறாங்க. அரசு வேலை தான் வேணும்னா எக்ஸாமினர் இருக்கு, 2023ல 553 இடத்துக்கு அறிவிப்பு வந்துச்சு, அடிப்படைச் சம்பளமே 56,100. உதவிப் பேராசிரியர் கனவு காணுற எத்தனை பேருக்கு அது தெரிஞ்சுது?

பரீட்சை ரெண்டு பேப்பர். ஒண்ணு சட்டமும் விதியும், இன்னொண்ணு ஒரு கண்டுபிடிப்பை குடுத்து எழுத வைக்கிறது, அப்புறம் நேர்முகத் தேர்வு. ஒவ்வொரு பேப்பர்லயும் 50, மொத்தத்துல 60 சதவீதம் வேணும். சட்டப் புத்தகம் பேட்டண்ட் ஆபீஸ் தளத்துல இலவசம். ஐஐடி மெட்ராஸ் பாடமே என்பிடெல்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்துல இலவசமா இருக்கு, பேட்டண்ட் எழுதுறது எப்படின்னு தனியா ஒரு பாடம். லட்சம் ரூபா கோச்சிங்னு யாராவது வந்தா வாசலோட அனுப்பிருங்க.

கஷ்டத்தையும் சொல்லிடுறேன். இந்த பரீட்சை வருஷா வருஷம் ஒழுங்கா வராது, 2018க்கு அப்புறம் 2022ல தான் நடந்துச்சு. அதனால பரீட்சையை மட்டும் நம்பி வீட்ல உக்காரக்கூடாது, வேலைல சேந்துட்டு எழுதணும். முதல் ரெண்டு வருஷம் சம்பளம் பெருசா இருக்காது. வேலை சென்னை, பெங்களூர், ஹைதராபாத், புனேல தான், சங்கரன்கோவில்ல இருந்து பஸ்ல போய்ட்டு வர முடியாது, பொண்ணை வெளியூர் அனுப்ப மாட்டோம்னா இந்த பேச்சையே விட்டுருங்க. எழுதுறது முழுக்க இங்கிலீஷ், அதுல நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஆறு மாசம் பல்லு உடையும்.

அதனால உடனே முடிவு வேணாம்னு சொன்னேன். டிசம்பர் வரைக்கும் டைம். சிஎஸ்ஐஆர் நெட்டுக்கு படிக்கட்டும், அது எப்படியும் வீண் போகாது. வாரத்துல ரெண்டு நாள் பேட்டண்ட். அந்த இமாட்டினிப் தீர்ப்பை முழுசா படிக்கணும். பேட்டண்ட் ஆபீஸ் தளத்துல எக்ஸாமினர் ரிப்போர்ட்டும் அதுக்கு குடுத்த பதிலும் யார் வேணா பாக்கலாம், கெமிஸ்ட்ரில பத்து எடுத்துப் படிக்கணும். அடுக்களைல இருக்குற அஞ்சு சாமானுக்கு கிளைம் எழுதி எனக்கு அனுப்பணும். எழுதுறப்ப கொட்டாவி வந்தா சொல்லிரணும், வேற பாக்கலாம். ஜேஆர்எஃப் வந்து ஆராய்ச்சி தான்னு தோணுனா அப்பவும் சரி.

எல்லாரும் எந்திரிச்சு செருப்பு போடுறப்ப தான் அப்பா வாயைத் தொறந்தாரு. தறில நூல் அறுந்தா தானா நிக்கிற மாதிரி அவரா ஒரு சின்ன மாத்தம் பண்ணிருக்காராம், ரெண்டு வருஷமா ஓடுதாம், அதுக்கு பேட்டண்ட் போடலாமான்னு கேட்டாரு. வெளியாள் யாராவது பாத்துருக்காங்களாண்ணேன்னு நான் கேக்குறதுக்குள்ள பொண்ணு முந்திக்கிட்டு, "அப்பா, அதை யாருக்கும் காட்டலைல?"ன்னுச்சு.

"தெரு முழுக்க நான் தானம்மா மாட்டிக் குடுத்தேன்"னாரு.