நாற்பதில் சிரிக்க வைக்கும் கார்

வணக்கம் ஐயா,

ஹட்டனில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வயது 47. ஒன்பது வருடமாக ஒரு விட்ஸ் ஓட்டுகிறேன், ஓட்டோ கியர். மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வாரம் ஒரு தடவை கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகப் போய் வருவேன். வாரத்தில் எனக்கென்று இருப்பது அந்தத் தனிப் பயணம்தான். கடனெல்லாம் கட்டி முடித்துவிட்டேன். ஒரே ஒரு தடவை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிப் பார்க்க ஆசை. ஆனால் எனக்குக் கார் பைத்தியம் கிடையாது, குதிரைவலு என்பதே இன்னும் விளங்கவில்லை. ஓட்டும்போது சந்தோஷமாக இருக்க வேண்டும், இறங்கும்போது இடுப்பு வலிக்கக் கூடாது. மாதம் ஒரு தடவை அம்மாவைக் கண்டி கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும், வயது 74. ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் நடக்கிற மஹகஸ்தோட்டை கார் மலையேற்றப் போட்டிக்கு ஓடுகிற அண்ணன் மகன், டர்போ இல்லாமல் வாங்கவே வேண்டாம் என்கிறான். கணவர், விட்ஸுக்கு என்ன குறை என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பி.கு: சிவப்பு என் வயதுக்குப் பொருந்துமா?

ந., ஹட்டன்

அன்புள்ள ந.,

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. விட்ஸுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் அதை விற்காதீர்கள். அம்மாவின் கிளினிக் விட்ஸின் வேலையாகவே இருக்கட்டும். வாரம் ஒரு தடவை தனியாகப் போகிற பயணத்துக்கு மட்டும் கார் தேடுவோம். எல்லாவற்றுக்கும் ஒரே கார் என்று தேடத் தொடங்கினால் சுற்றிச் சுற்றி இன்னொரு விட்ஸில்தான் வந்து நிற்பீர்கள்.

இனி உங்கள் பாதையை நினைத்துப் பாருங்கள். வட்டவளையிலிருந்து கினிகத்தேனை வரை முடக்குக்கு மேல் முடக்கு. முன்னால் ஒரு தனியார் பஸ், எதிரே ஒரு கொழுந்து லொறி, பாதி நாள் மழை. வேக ஊசி மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டுவதே அபூர்வம். குதிரைவலு என்பது எஞ்சினின் பலம், அவ்வளவுதான். முன்னூறு குதிரைவலுக் காரும் அங்கே 40-தான். அப்படிப்பட்ட கார்கள் 100-க்கு மேல்தான் தூக்கம் கலையும். இந்த நாட்டில் 100 ஓட விடுவது அதிவேக நெடுஞ்சாலையில் மட்டும். நம் பக்கத்தில் ஒரு கார் சந்தோஷம் தருகிறதா என்பதை 40-இல்தான் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டியின் முகம் திரும்புகிறதா, முடக்கை விட்டு வெளியே வரும்போது உங்கள் வாய் தானாகச் சிரிக்கிறதா, அவ்வளவுதான் பரீட்சை. பாரம் குறைந்த, பின்சக்கரம் தள்ளுகிற சின்னக் கார்கள்தான் இதில் வழக்கமாகத் தேறும்.

எனக்கு ஒரே பெயர்தான் வருகிறது: மாஸ்டா ரோட்ஸ்டர். வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்பார்கள். 1989-இல் தொடங்கிய வண்டி, இப்போதுள்ள நான்காவது தலைமுறை 2015-இல் வந்தது. ஜப்பானில் விற்கிற துணிக்கூரை மாடலுக்கு 1.5 லீட்டர் எஞ்சின், 130 சொச்சம் குதிரைவலு, எடை ஏறக்குறைய ஒரு தொன். கடதாசியில் பார்த்தால் உங்கள் அண்ணன் மகன் சிரிப்பான். சிரிக்கட்டும். நம் நாட்டில் எஞ்சினின் அளவு ஏற ஏற வரியும் ஏறும் என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

டர்போ விஷயத்தில் அவன் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலம் இழக்கும். டர்போ உள்ளது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அவ்வளவு இழக்காது. ஆனால் நீங்கள் போவது நுவரெலியாவுக்கு இல்லை, ஹட்டனிலிருந்து கீழே. அப்புறம், பெரிய டர்போ மூச்செடுத்து முடிப்பதற்குள் நம் பாதையில் அடுத்த முடக்கு வந்து நிற்கும்.

சரி, சொகுசு. இதில் நானே ஏமாந்தவன். சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் இரண்டு கதவு கார் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கினேன். பெயர் வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தார்கள், 18 அங்குல வீல், ரிப்பன் மாதிரி டயர். வண்டியின் நிலையை எழுதித் தருகிற ஜப்பான் ஏல அறிக்கையைக் கேட்டேன், நாளைக்கு என்றார், அந்த நாளை இன்னும் வரவில்லை. தலவாக்கலைக்கு மேலே என் வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர் தோட்டத்துப் பாதை. மூன்றாம் நாள் ஒரு கல் எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்குகிற சம்ப்பைக் கிழித்தது. ஆறு மாதத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் தள்ளிவிட்டேன். அந்தக் காரில் தோல் சீட் இருந்தது, பாட்டு அருமையாகக் கேட்கும். இடுப்புக்கு அதனால் என்ன லாபம்? உங்கள் இடுப்பைக் காப்பாற்றுவது டயரின் பக்கச்சுவர். ரோட்ஸ்டரின் 1.5-க்கு 195/50, 16 அங்குலம்; இரண்டாவது எண்தான் டயரின் அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை வீதம் என்பது. மடக்கும் கடினக் கூரை வைத்த ரோட்ஸ்டர் ஆர்எஃப்புக்கு 205/45, 17. குழிக்கு முதலாவதே நல்லது.

துணிக்கூரையில் மழைச் சத்தம் கேட்காதா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்கும். லயத்துத் தகரத்தின் கீழே வளர்ந்தவனுக்கு அது தாலாட்டு. நீங்கள் எப்படியோ தெரியாது, அதனால் மழை நாளில் ஓட்டிப் பாருங்கள். கவனிக்க வேண்டியது சத்தம் அல்ல, தண்ணீர். கூரைத் தண்ணீர் வடிகிற துவாரங்களில் இலைச்சருகு அடைத்தால் சீட்டுக்குப் பின்னால் ஈரம் ஊறும். கம்பளத்தைத் தூக்கி மணந்து பாருங்கள். பூஞ்சண வாடை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நிறுத்தக் கூரை போட்ட இடமும் வேண்டும்.

ஓட்டோ கியர் என்று வெட்கப்பட வேண்டாம். ரோட்ஸ்டரில் வருவது ஆறு கியர் உள்ள பழைய பாணி ஓட்டோ, கையாலும் மாற்றலாம். சில ஐரோப்பியக் கார்களின் ஓட்டோவில் வருகிற, ஒயிலில் நனையாத உலர் இரட்டைக் கிளச்சை விட, பஸ்ஸுக்குப் பின்னால் ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போவதற்கு இது எவ்வளவோ மேல், அந்தக் கிளச் சூடேறி உதறும். கையால் மாற்றுவது இறக்கத்தில்தான் உங்களுக்கு உதவும். என் அப்பா தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். ஏறின கியரிலேயே இறங்கு என்பார். இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. விட்ஸை டி-யில் போட்டுப் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குகிற பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிட்டார்கள் என்பதற்காக அவசரப்பட வேண்டாம். ஏல அறிக்கை கையில் வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய றப்பர் வட்டவளை மழையில் பிடிக்காது. ரோட்ஸ்டரில் மேலதிக டயர் கிடையாது, ஒட்டும் மருந்தும் பம்பும்தான் வரும். டிக்கியும் சின்னது. மகளுக்கு ஒரு பையும் இரண்டு டிபன் பாத்திரமும் கொண்டுபோகலாம், பலாப்பழம் முடியாது.

இரண்டு வண்டிக்கு வீட்டில் இடமில்லை, விட்ஸை விற்றே ஆக வேண்டும் என்றால் என் பதில் வேறு. அப்போது சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பாருங்கள். 2017-இல் வந்த மாடலுக்கு 1.4 லீட்டர் டர்போ, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு, அம்மா குனியாமல் ஏறலாம். அண்ணன் மகனும் வாயை மூடுவான். முன்சக்கரம் இழுக்கிற வண்டி, கூரை திறக்காது. கொஞ்சம் இறுக்கமாகவும் இருக்கும், அம்மாவை ஒரு தடவை நாவலப்பிட்டி வரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். வெள்ளியும் சாம்பலும் வேண்டவே வேண்டாம். மூடுபனி இறங்கினால் அந்த நிறக் கார்கள் பத்தடிக்கு முன்னால் வந்தபிறகுதான் தெரியும், எதிரே வருகிற லொறிக்காரருக்கும் அப்படித்தான். சிவப்பே வாங்குங்கள். லைட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.