புதைத்த துண்டு ஏன் மக்கவில்லை?

கேள்வி: பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். சோளத்திலிருந்து எடுத்த மக்கும் பாலிமரோடு வேறொரு பாலிமரைக் கலந்து, உருக்கி நூற்றது என்று சொல்லி மாதிரி நூல் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் பின்னிய துணியில் ஒரு துண்டைத் தோட்டத்தில் புதைத்து நான்கு மாதமாகியும், மண்ணை உதறினால் அப்படியே இருக்கிறது. இது ஏமாற்று வேலையா? எதற்காகக் கலக்கிறார்கள்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நூலைக் குற்றம் சொல்வதற்கு முன் மண்ணின் வெப்பத்தைப் பாருங்கள். சோளச் சர்க்கரையை நொதிக்க வைத்துப் பெறும் பாலிலாக்டிக் அமிலம், அதாவது பி.எல்.ஏ., நேரடியாக நுண்ணுயிர்களுக்கு இரையாவதில்லை. முதலில் நீர் அதன் நீண்ட சங்கிலிகளை அறுக்க வேண்டும், பிறகே நுண்ணுயிர்கள் துணுக்குகளைத் தின்னும். அந்த அறுப்பு விரைவாக நடப்பது ஏறத்தாழ 60 டிகிரியில்தான். தொழிற்சாலை உரக் குவியலில் அந்தச் சூடு உண்டு, உங்கள் தோட்டத்தில் கிடையாது.

கலப்பதற்குக் காரணம், தனித்தனியே எதுவும் முழுமையாக உதவாததே. பி.எல்.ஏ. உறுதியானது, ஆனால் முறுகலானது. பி.பி.ஏ.டி. என்ற பாலியெஸ்டரைச் சேர்த்தால் நெகிழ்வு வருகிறது. அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனாலும் மக்கும். (தாவரத்திலிருந்து வந்ததெல்லாம் மக்கும் என்பதும் உண்மையல்ல.) பாக்டீரியாக்கள் தம் உடலில் சேமிக்கும் பி.எச்.பி. என்ற பாலிமர் மண்ணிலேயே மக்கும் என்றாலும், ஏறத்தாழ 175 டிகிரியில் உருகி, அதற்குச் சற்று மேலேயே சிதையத் தொடங்கிவிடுகிறது. இழையாக இழுத்தபின் மெதுவாகவே படிகமாவதால், பாபினில் சுற்றும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பி.எல்.ஏ. கலந்தால் இந்தத் தொல்லை குறையும்.

ஆனால் இவை எண்ணெயும் நீரும் போலப் பெரும்பாலும் ஒன்றில் ஒன்று கரையாதவை. ஒன்று கடலாகவும் மற்றது அதில் மிதக்கும் துளிகளாகவும் உருகியிருக்கும் குழம்பு, இடியாப்ப அச்சைப் போன்ற நுண்துளைத் தட்டின் வழியே வந்து, குளிர்ந்த காற்றில் இறுகி, சூடான உருளைகளில் இழுபடும்போது துளிகளும் நீண்டு மெல்லிய நார்களாகின்றன. 20 மைக்ரான் இழைக்குள் பெரிய துளி ஒன்று நின்றாலே அந்த இடத்தில் அறுந்துவிடும் என்பதால், இரண்டையும் பிணைக்கும் சேர்மானம் சிறிதளவு இடுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பி.எச்.பி. துளிகளாகவும் பி.எல்.ஏ. கடலாகவும் அமைந்துவிட்டால், நுண்ணுயிர்களால் எளிதில் உள்ளே எட்ட முடியாது. கலவை விகிதம் தெரியாமல் மக்கும் வேகத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

ஆகவே மாதிரி கொடுத்தவரிடம், எந்தச் சோதனையில் மக்கியது என்று கேளுங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.என். 13432 தொழில்முறை உரமாக்கலுக்கானது. அதன்படி ஆறு மாதத்துக்குள் பொருளிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். மண்ணுக்கு ஐ.எஸ்.ஓ. 17556 என்று தனிச் சோதனையே இருக்கிறது. முதல் சான்றை மட்டும் காட்டினால் உங்கள் தோட்டத்துக்கு அது பொருந்தாது. தைத்த நூல் சாதாரணப் பாலியெஸ்டர் என்றால், துணி மக்கினாலும் அந்தத் தையல் கிடக்கும்.

சாயப்பட்டறைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலியெஸ்டர் என்று நினைத்து 130 டிகிரியில் சாயமேற்றி, பிறகு காஸ்டிக் சோடாவில் அலசினால், மண்ணில் நடக்காத நீராற்பகுப்பு (நீர் சங்கிலிகளை அறுப்பது) தொட்டியிலேயே நடந்து நூலின் பலம் போய்விடும். பி.எல்.ஏ. நூலுக்கு, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் 110 டிகிரியே போதும்.