பேண்ட் போட்டாச்சு, அப்புறம்? உணவுக்குழாய் வேரிசஸ் கேள்வி பதில்

எண்டோஸ்கோபி அறையில் 20 வருடம் செவிலியராக நின்றவள் நான். கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ் வந்தவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்து வெடிப்பது பற்றியும், அந்தப் புடைப்பை ரப்பர் வளையத்தால் கட்டுவது, அதாவது பேண்ட் போடுவது பற்றியும் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் உங்கள் டாக்டர் வேலை.

அக்கா, கெட்டுப்போனது கல்லீரல். ரத்தம் ஏன் வாய் வழியா வருது?

குடல், இரைப்பை, மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் அதற்கு வழி கிடைக்காது. தேங்கும், அழுத்தம் ஏறும், கிடைத்த சந்தில் புகுந்து இதயத்துக்குப் போகப் பார்க்கும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் மெல்லிய சிரைகள் அப்படி ஒரு சந்து. இவ்வளவு ரத்தம் வந்தால் அவை புடைத்துப்போகும். அதுதான் வேரிசஸ். கல்லீரல் சிரை வழியாக இந்த அழுத்தத்தை அளந்தால் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். 10ஐத் தொட்டால் வேரிசஸ் உருவாகலாம், 12ஐ எட்டினால் வெடிக்கலாம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்பத் திரும்ப இதற்குத்தான் வரப்போகிறேன்.

அப்பாவுக்கு சிரோசிஸ்னு போன வாரம்தான் தெரிஞ்சது. ரத்தம் எதுவும் வந்ததில்லை. எண்டோஸ்கோபி கட்டாயமா சிஸ்டர்?

வயிற்றில் நீர், காமாலை, குழப்பம் எதுவும் இல்லாதவர் என்றால் கட்டாயம் இல்லாமலும் போகலாம். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே, பிளேட்லெட் 1,50,000க்கு மேலே, இரண்டும் சேர்ந்திருந்தால் ஆபத்தான அளவு வேரிசஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வருடம் ஒரு முறை இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு வரலாம். பிளேட்லெட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அழுத்தம் ஏறினால் மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் குறைகிறது என்றால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு பி.பி.யே கிடையாது. ஆனா கார்வெடிலால்னு பிரஷர் மாத்திரை எழுதியிருக்காங்க. தப்பா எழுதிட்டாங்களோ?

தப்பில்லை தம்பி. அது போர்ட்டல் அழுத்தத்துக்கு. புரோப்ரனலால் என்ற இன்னொரு மாத்திரை மறுபடி ரத்தக்கசிவு வராமல் காக்கிறது என்று பாரிஸில் லெப்ரெக் குழுவினர் 1981லேயே காட்டினார்கள். கார்வெடிலால் அதே பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து) குடும்பம்தான், போர்ட்டல் அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகக் குறைக்கிறது. பெரும்பாலும் 6.25 மி.கி.யில் தொடங்கி, தாங்கினால் 12.5 வரை போவார்கள். புரோப்ரனலால் என்றால் நாடி நிமிடத்துக்கு 55 முதல் 60க்குள் வரும்படி அளவை ஏற்றுவார்கள். மேல் பி.பி. 90க்குக் கீழே போனாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ உடனே சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அழுத்தம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பேண்ட் போடுறதுன்னா என்ன மேடம்? கேட்டாலே பயமா இருக்கு.

எண்டோஸ்கோப்பின் நுனியில் கண்ணாடி போல ஒரு சின்ன மூடி இருக்கும். அதன் மேல் ஆறேழு ரப்பர் வளையங்களை இழுத்து மாட்டியிருப்போம். உணவுக்குழாயின் அடிப்பகுதிக்குப் போனால் திரையில் நீலம் பாரித்த புடைப்புகள் வரிசையாக மேலேறித் தெரியும். சிலவற்றின் மேல் பிரம்படி பட்டது போலச் சிவப்புக் கோடு. அதைப் பார்த்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், சுவர் அங்கே மெலிந்துவிட்டது என்று அர்த்தம். புடைப்பை மூடிக்குள் உறிஞ்சுவார் டாக்டர், திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். கைப்பிடியைத் திருகினால் ஒரு வளையம் கழன்று புடைப்பின் கழுத்தில் விழும். காற்றடித்துப் பார்த்தால் கறுத்த திராட்சை மாதிரி நிற்கும். அந்தத் திராட்சை சில நாளில் வாடி உதிர்ந்து, இருந்த இடத்தில் சின்னப் புண் ஆறும்.

மயக்க மருந்து கொடுப்பதால் அப்போது பெரிதாகத் தெரியாது. பிறகு இரண்டு மூன்று நாள் நெஞ்சுக்குள் ஏதோ அடைத்தது போல இருக்கும், விழுங்கினால் வலிக்கும். மெத்தென்ற, ஆறிய உணவாகச் சாப்பிடுங்கள்.

பேண்ட் போட்டு 9 நாள். அம்மாவுக்கு மலம் கருப்பா போகுது. இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுறாங்க.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். இரும்பு மாத்திரையாலும் கறுக்கும்தான், ஆனால் அது கெட்டியாக இருக்கும். ரத்தம் கலந்தது தார் மாதிரி ஒட்டும், நாற்றமே வேறு. ஒன்பதாம் நாள் என்பது வளையம் உதிர்ந்த புண்ணில் ரத்தம் கசியக்கூடிய காலம். மாத்திரையா புண்ணா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம்.

திடீர்னு ரத்த வாந்தி எடுத்தா வீட்டுல என்ன செய்யணும்?

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது. தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். ஆம்புலன்ஸ். வாசலிலேயே "சிரோசிஸ் நோயாளி, ரத்த வாந்தி" என்று உரக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு வார்த்தையில் சிகிச்சையே மாறும். எண்டோஸ்கோபிக்கு முன்பே போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு ஏற்றத் தொடங்குவார்கள், கிருமித் தொற்றுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் போடுவார்கள். பலர் சாவது ரத்தம் போய் அல்ல, பின்னாலேயே வரும் தொற்றால். நோயாளியின் நிலையைச் சீர்படுத்திக்கொண்டு 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி.

அண்ணனுக்கு ஹீமோகுளோபின் 7.6. ரத்தம் ஏத்த மாட்டேங்குறாங்க. நாங்க நாலு பேர் கொடுக்கத் தயார். இது அலட்சியம் இல்லையா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அலட்சியம் இல்லை. மேலே சொன்ன அழுத்தக் கணக்குக்கு வாருங்கள். ரத்தம் அதிகமாக ஏற்றினால் போர்ட்டல் அழுத்தமும் ஏறும், அடைத்த இடம் மறுபடி திறக்கும். 7க்குக் கீழே போனால் ஏற்றுவது, 7க்கும் 8க்கும் இடையில் நிறுத்துவது என்பதுதான் பொதுவான முறை. பெருக்கெடுத்து ஓடும் ரத்தமோ இதய நோயோ இருந்தால் கணக்கு வேறு.

காரம் சாப்பிட்டா வெடிக்குமா?

அப்படி நடப்பதாகத் தெரியவில்லை. வலி மாத்திரைதான் என் பயம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரின் டாக்டர் சொன்னால் மட்டும்.

மாத்திரையும் சாப்பிட்டு, பேண்டும் போட்டு, திரும்பவும் ரத்தம் வந்துடுச்சு. இனி என்ன?

டிப்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கழுத்துச் சிரை வழியாகப் போய், கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரையையும் கல்லீரல் சிரையையும் ஒரு ஸ்டென்ட் வைத்து இணைத்துவிடுவார்கள். அழுத்தம் சட்டென்று இறங்கும். நிலைமை மோசமானவர்களில் சிலருக்கு, முதல் தடவை ரத்தம் வந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே இதைச் செய்வது உண்டு. இதற்கும் விலை உண்டு: கல்லீரல் வடிகட்டாத ரத்தம் நேராக மூளைக்குப் போய்க் குழப்பம் வரலாம். கல்லீரல் மாற்று சிகிச்சை பற்றியும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

குடியை விட்டுட்டேன் அக்கா, 8 மாசம் ஆச்சு. வேரிசஸ் போயிடுமா?

குடியால் வந்ததென்றால், அழுத்தம் குறைய நிஜமாகவே வாய்ப்பு உண்டு, சிலருக்கு வேரிசஸ் சிறுத்தும் போகிறது. ஹெபடைடிஸ் பி, சி-க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் இதுவே. விட்டதை விட்டபடியே இருங்கள் தம்பி.

ரெண்டு தடவை பேண்ட் போட்டாச்சு. ரத்தமும் நின்னுடுச்சு. மூணாவதுக்குப் போகணுமா?

போக வேண்டும். ஒருவர் முதல் பேண்டுக்குப் பிறகு வரவே இல்லை. ஐந்து மாதம் கழித்து இரவு இரண்டு மணிக்கு, சட்டை முழுக்க ரத்தத்தோடு ஸ்ட்ரெச்சரில் வந்தார். ஒரு முறை வெடித்தவர்களில் மேல் சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஆறு பேருக்கு ஒன்றிரண்டு வருடத்துக்குள் திரும்ப வெடிக்கிறது. புடைப்பு முழுக்க மறையும் வரை 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை பேண்ட். மறைந்த பிறகு 3 முதல் 6 மாதத்தில் ஒரு எண்டோஸ்கோபி, பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒன்று. இடையில் மாத்திரை நிற்காது. வளையம் புடைப்பைத்தான் கட்டுகிறது, பின்னால் தள்ளும் அழுத்தத்தை அல்ல. நாளைக்கே போன் செய்து மூன்றாவதுக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.